டாலிவர் கல்லறைக்கு வில்லங்கம் பார்த்தது

1 அக்டோபர் 2018, திங்கள்

முப்பத்தொரு வருடம் சார்பதிவாளர் அலுவலகங்களில் கழித்தவனுக்கு வரிசை இல்லாமல் கை ஓடாது. மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், இந்த மாதம் நான் எழுதவேண்டிய அறிக்கை இப்படிப் போகும்:

1. ஏப்னர் டாலிவர், அவர் மனைவி கெசையா இருவரும் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இந்தக் கார்வெல் கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) 1838இல் வந்தார்கள். முதலில் குடியேறிய பதினொரு குடும்பங்களில் அவர்களுடையது ஒன்று.

2. 1853இல் அவர்கள் எழுதிவைத்த பத்திரப்படி, ஓடைக்கு மேற்கே உள்ள அரை ஏக்கர் கல்லறை நிலம் ‘எங்களுக்குப் பிறந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் மட்டும்’ உரியது.

3. அவர்கள் மகள் மெர்சி 1847இல் பதினொரு மாதக் குழந்தையாக இறந்துவிட்டாள். 1850 குடிக்கணக்கில் அதே வீட்டில் காணப்படும் ஒரு வயது மெர்சி அவர்கள் பெற்ற பிள்ளையாக இருக்க முடியாது.

4. ஆகவே அந்த இரண்டாம் மெர்சியின் கொள்ளுப்பேத்தியான திருமதி வெர்னா ஸ்டைல்ஸ் அந்த நிலத்தில் இடம் கேட்க முடியாது.

நான்காவதை எழுதும்போது பேனா சற்று நின்றது. வெர்னாவுக்கு எண்பத்தாறு வயது. இதயம் பலவீனம். 1971இல் டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோன அவருடைய ஒரே மகன் டேல், பத்தொன்பது வயதில் அங்கேதான் புதைக்கப்பட்டான். அப்போது யாரும் பத்திரம் கேட்கவில்லை. சென்ற ஆண்டு சுற்றியுள்ள வயல்களை ஒரு விதைச்சோள நிறுவனம் வாங்கியது. பத்திரத்தில் சொன்ன வாரிசுகளைத் தவிர வேறு யாரையும் இனிமேல் அங்கே புதைக்கக் கூடாது என்று அதன் வக்கீல் எழுதியிருக்கிறார். மகனுக்குப் பக்கத்தில் ஆறடி இடம் வேண்டும், வெர்னா கேட்பது அவ்வளவுதான். கவுண்டி ஆணையர்கள் மூவர் 25ஆம் தேதி முடிவு சொல்வார்கள். உள்ளூர் வரலாற்றுச் சங்கம் எழுத்தில் என்ன சொல்கிறதோ அதை ஏற்பதாக இரு தரப்பும் கையெழுத்திட்டுவிட்டன.

வரலாற்றுச் சங்கம் என்பது டார்லீன் என்ற ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இப்போது அவருக்கு முழங்கால் அறுவைசிகிச்சை. போகும்போது இந்த வழக்கின் கோப்பை என் கையில் வைத்து, “உங்க அளவுக்குப் பொறுமை எனக்குக் கிடையாது, மிஸ்டர் முத்து. நீங்க எழுதுங்க, நான் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுறேன்” என்று சொல்லி, வெற்றுத்தாளில் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார். பதிவுத்துறையில் இதற்கு இடைநீக்கம் நிச்சயம்.

(இவர்கள் பேசுவதைத் தமிழில் எழுதும்போது நம் பேச்சாகவே வந்துவிடுகிறது. அந்த இழுவையும் கேலியும் எனக்குச் சாத்தூர்ப் பக்கத்தை நினைவுபடுத்துகின்றன.)

2 அக்டோபர்

தோசை மாவு இரண்டாம் நாளும் புளிக்கவில்லை. ரொட்டி சுடும் மின்னடுப்புக்குள் வைத்து, சூட்டுக்கு அதன் விளக்கைப் போட்டிருக்கிறேன்.

4 அக்டோபர், வியாழன்

வெர்னா என்னைக் கல்லறைக்கு அழைத்துப்போனார். அழைத்துப்போனார் என்பது சரியல்ல. அவருடைய பழைய பிக்கப் வண்டியை என்னை ஓட்டச் சொன்னார். எனக்கு இங்கே உரிமம் இல்லை என்றேன். “எனக்கும்தான் போன வருஷமே புடுங்கிட்டாங்க. அப்ப ரெண்டு பேர்ல கண்ணு தெரியிறவர் ஓட்டட்டும்” என்றார். பின்னர் ஒரு அண்டை வீட்டுக்காரர் வந்து காப்பாற்றினார்.

முப்பத்தாறு கற்கள். ஒவ்வொன்றின் மீதும் கைப்பிடிக் கண்ணாடியால் வெயிலைச் சாய்த்து அடித்துப் படித்தேன். இறந்த குழந்தை மெர்சியின் கல் என் முழங்கால் உயரம்கூட இல்லை. மேலே ஒரு ஆட்டுக்குட்டி செதுக்கியிருக்கிறது. டேலின் கல் தெற்கு ஓரத்தில். அதன் இடப்புறம் காலி. வெர்னா அந்தக் காலி இடத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ரொட்டி எடுத்துத் தின்றார்.

“இங்கதான் எனக்கு நல்லாப் பசிக்குது” என்றார்.

அருகே உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்த என் முகத்தையே பார்த்தவர், “மூக்குல என்ன ஓட்டை? வாலிபத்துல ரவுடியா இருந்தீங்களா?” என்று கேட்டார்.

சிறுவயதுப் பழக்கம் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

7 அக்டோபர், ஞாயிறு

கெசையா டாலிவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் இன்று ஒருசேரப் படித்தேன். எழுதப் படிக்கத் தெரியாது. எல்லா ஆவணத்திலும் பெருக்கல் குறிதான் கையெழுத்து. கென்டக்கியிலிருந்து மாட்டுவண்டியில் வந்தபோது வயது பத்தொன்பது, வயிற்றில் பிள்ளை. பெற்றது ஒன்பது, பிழைத்தது ஆறு. 1844 வெள்ளத்தில் ஓடைக்கரை வீடு போனபிறகு, மேட்டில் புதுவீடு எழும்பும்வரை ஒரு குளிர்காலம் முழுவதும் மரப்பொந்தும் கூடாரமுமாக ஒட்டவைத்த இடத்தில் ஐந்து பேரை உயிரோடு வைத்திருந்தார். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. பக்கத்துக் குடியேறிகள் நீதிமன்றத்தில் வேறொரு வழக்குக்காகச் சொன்ன சாட்சியத்தில் போகிறபோக்கில் வருகிறது. நூற்றெழுபது வருடத்துக்கு முந்தைய ஒரு குமாஸ்தா அதை விடாமல் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெண்மணியையும் அந்தக் குமாஸ்தாவையும் ஒரே அளவில் மதிக்கிறேன்.

இனி அறிக்கையின் மூன்றாவது கூற்று. 1911இல் அச்சான டாலிவர் குடும்ப நூல் ‘மெர்சி, சிறுவயதில் மரணம்’ என்று ஒரே ஒரு மெர்சியைத்தான் சொல்கிறது. 1850 கணக்கெடுப்போ, வீட்டில் இருப்பவர்களின் பெயரையும் வயதையும் மட்டும் எழுதுகிறது. யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதுவதில்லை. அதில் ‘மெர்சி, 1’. ஏப்னரின் தம்பி ஏசாவின் மனைவி 1849 வசந்தத்தில் பிரசவத்தில் இறந்திருக்கிறார். தாயில்லாப் பிள்ளையைப் பெரியம்மா எடுத்து வளர்த்திருப்பார். பொருந்துகிறது.

வேறு விளக்கம் உண்டா? கெசையாவே மறுபடி ஒரு பெண்ணைப் பெற்று அதே பெயரை வைத்திருக்கலாம். ஆனால் எந்தத் தாய், கல்லில் வெட்டிய பெயரை மடியில் கிடக்கும் குழந்தைக்கு வைப்பாள்? நடக்காது. அறிக்கையில் ‘பெயரிடும் மரபுப்படி இது சாத்தியமில்லை’ என்று எழுதியிருக்கிறேன். என் வாழ்நாளில் ஆவணமில்லாமல் நான் எழுதிய முதல் வாக்கியம் இதுவாக இருக்கலாம். இருந்தாலும் இதில் எனக்குச் சந்தேகமில்லை.

9 அக்டோபர், செவ்வாய்

பிள்ளைத்தாய்ச்சியான என் மகள் பொற்கொடிக்கு ஸ்கேன். மாப்பிள்ளை கூட்டிப்போனார். நான் வீட்டில் இருந்து குப்பைத்தொட்டிகளை உள்ளே இழுத்து வைத்தேன், நீலத்தொட்டி, பச்சைத்தொட்டி இரண்டையும் கழுவினேன். பிறகு கழுவிய தொட்டிகளையே மறுபடி கழுவினேன். மூன்று மணிக்கு வந்து, “எல்லாம் சரியாத்தான் இருக்காம்ப்பா” என்றாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதத்தைப் பற்றி இந்த வீட்டில் பேசுவதில்லை.

10 அக்டோபர், புதன்

அறிக்கையைக் கவுண்டி குமாஸ்தாவிடம் கொடுத்து ரசீது வாங்கினேன். பதினான்கு பக்கம், அறுபத்திரண்டு அடிக்குறிப்பு. ஒரு நகல் வெர்னாவுக்குத் தபாலில்.

12 அக்டோபர், வெள்ளி

வெர்னா தொலைபேசியில் அழைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் எடுத்தேன்.

“மிஸ்டர் முத்து, எல்லா எடத்துலயும் தேடினீங்களா?”

“தேடினேன் அம்மா.”

“நல்லா?”

“எனக்குத் தெரிந்தவரை.”

“அப்ப சரி. எனக்காக இத்தன பக்கம் இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல. கல்யாணப் பத்திரிகைகூட ரெண்டு வரிதான்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “டேலை மட்டும் அங்கேருந்து எடுக்கச் சொல்லிட மாட்டாங்களே?”

எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டாம் மெர்சி டாலிவர் மகள் இல்லையென்றால் டேலும் அங்கே அந்நியன்தான். ஏற்கெனவே புதைத்தவர்களை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைக்கிறேன், என்றேன். நினைக்கிறேன் என்பதை அவர் கவனித்திருப்பார்.

13 அக்டோபர், சனி

பொற்கொடி இந்தக் கவுண்டி மருத்துவமனையில் மருந்தாளர். இன்று விடுமுறை. சோபாவில் காலை நீட்டிப் படுத்து என் அறிக்கையை முழுவதும் படித்தாள். பிறகு ஒன்பதாம் பக்கத்துக்குத் திரும்பினாள்.

“என்னப்பா இது, ‘பெயரிடும் மரபுப்படி சாத்தியமில்லை’ன்னு?”

விளக்கினேன். செத்த பிள்ளையின் பெயரை யாரும் மறுபடி வைக்கமாட்டார்கள். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு பதறும்.

“யார் சொன்னா?”

“யாராவது சொல்லணுமாம்மா? தெரிஞ்ச விஷயந்தானே?”

“நீங்க எந்த அம்மாட்டப்பா கேட்டீங்க?”

அவள் பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள்.

“அறுபத்திரண்டு அடிக்குறிப்புப் போட்டிருக்கீங்க. இந்த ஒரு வரிக்கு மட்டும் குறிப்பே இல்ல. ஏன்னா இது உங்க ஆச்சி சொன்னது. உங்க ஊர்ல நடந்தது. உங்களுக்கு நடந்தது.”

உண்மைதான். எனக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நான் பிறந்ததும் குப்பையில் போட்டு, ஒரு படி தவிட்டுக்கு விற்று வாங்கி, எமன் சீந்தாதபடி மூக்கைக் குத்தி, பிச்சை என்று பெயர் வைத்தார்கள். பிச்சைமுத்து. பள்ளியில் அதை வைத்து அழவிட்டார்கள். இங்கே வந்ததும் முன்பாதியை விட்டுவிட்டேன்.

பொற்கொடி தாள்களை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். “மூத்தவ ஒன்பது நாள் இருந்தா. ஆதிரைன்னு நீங்கதான் தேடிக் குடுத்தீங்க. அதுக்கப்புறம் நீங்க யாருமே அந்தப் பேரச் சொல்லல. பயந்துக்கிட்டு. எனக்கு அந்தப் பேர வீட்ல சத்தமாக் கூப்பிடணும்ப்பா. சாப்பிட வா, ஆதிரைன்னு. சனியனே, செருப்ப எங்க போட்ட, ஆதிரைன்னு. இதுவும் பொண்ணுதானாம். அவர்கிட்டயே இன்னும் பேசல. நீங்க பாட்டுக்கு எந்தத் தாயும் செய்யமாட்டான்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க.”

நான் காபி போட்டுவருகிறேன் என்று எழுந்து போனேன். போட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு. அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

14 அக்டோபர்

இலை வாரினேன். ஒன்பது மூட்டை.

16 அக்டோபர், செவ்வாய்

இரண்டு நாளாகப் பழைய சிறைக் கட்டடத்தில் இருக்கிறேன். சங்கத்தின் ஆவணங்கள் அங்கேதான், இரண்டாம் எண் அறையில், கம்பிகளுக்குப் பின்னால். இந்த வட்டாரத்தின் எல்லாக் கல்லறைப் பட்டியல்களையும், கிடைத்த பைபிள்களின் பிறப்புப் பக்கங்களையும் எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். 1870க்கு முன்பு குழந்தையை இழந்து, பின் ஆணுக்கு ஆணாக, பெண்ணுக்குப் பெண்ணாக இன்னொன்றைப் பெற்ற குடும்பங்கள் நாற்பத்தாறு. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்ததற்கு வைத்தவை பத்தொன்பது. ஒரு குடும்பத்தில் மூன்று ஜான்; மூன்றாமவன் எண்பது வயது வாழ்ந்தான்.

பத்தொன்பது. நான் ஒரே ஒரு குடும்பத்தைப் பார்த்திருந்தால்கூடப் போதும்.

எங்கள் பக்கத்தில் மரணத்தை ஏமாற்றப் பார்த்தோம். பெயரை மாற்றினோம், பிள்ளையைக் குப்பை என்றோம், தலை குனிந்துகொண்டோம். இவர்கள் அதன் முகத்துக்கு நேராக அதே பெயரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். எது சரி என்று சொல்ல நான் யார்? என் தாயின் துணிச்சல் ஒரு வகை. கெசையாவின் துணிச்சல் இன்னொரு வகை. அதை இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன்.

ஆனால் கெசையா அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி என்பதற்கு ஆவணம் வேண்டும். சாத்தியம் என்பது சான்று ஆகாது. ஒருமுறை பட்டுவிட்டேன்.

18 அக்டோபர், வியாழன்

கிடைத்தது.

ஏப்னர் 1858இல் இறந்தபோது சிறு பிள்ளைகள் இருந்தார்கள். டாலிவர் பெயரிட்ட கட்டுகளில் அவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதால், வாரிசு விவகாரம் நீதிமன்றத்துக்கு வரவில்லை என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். நம் ஊரில் தகப்பன் போனால் தாய்தான் காப்பாளர். வேறு பெயரில் தேட வேண்டும் என்று தோன்றவில்லை. நேற்று இங்குள்ள பழைய சட்டப்புத்தகத்தைப் படித்தேன். அந்நாளில் தாய் உயிரோடு இருந்தாலும், பிள்ளைகளின் சொத்துக்கு நீதிமன்றம் ஓர் ஆண்மகனைக் காப்பாளராக நியமிக்கும். அப்படியானால் கட்டு அந்த ஆளின் பெயரில் இருக்கும்.

1858ஆம் ஆண்டின் கட்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. நூற்றெழுபத்தொன்றாவது, ஹைரம் போக் என்ற பெயரில். சிவப்பு நாடாவைப் பிரித்து, மூன்றாக மடித்த தாளை உடையாமல் விரிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

‘காலஞ்சென்ற ஏப்னர் டாலிவருக்குச் சட்டப்படி பிறந்த மைனர் பிள்ளைகள், விதவை கெசையா இந்நீதிமன்றத்தில் நேரில் நின்று சொன்னபடி’ என்று தொடங்கி நான்கு பெயர்கள். மூன்றாவது: மெர்சி, வயது ஒன்பது. கீழே கெசையாவின் பெருக்கல் குறி. அழுத்தி எழுதியதில் தாள் சற்றுக் கிழிந்திருக்கிறது.

வளர்ப்புப் பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. எழுதத் தெரியாத அந்தப் பெண், தன் பிள்ளைகளை இன்னொருவர் பொறுப்பில் விடும் அறையில் நின்று, ஒவ்வொரு பெயராகச் சொல்லியிருக்கிறாள். நான் கம்பிக்குள் தனியாக இருந்ததால் எழுந்து நின்றேன். யாரும் பார்க்கவில்லை.

20 அக்டோபர், சனி

டார்லீன் ஊன்றுகோலுடன் திரும்பிவிட்டார். தவறைச் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அட, இங்க பாதி வீட்ல அப்படித்தானே! என் தாத்தாவே ரெண்டாவது வால்டர். ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“ஆபரேஷன் நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று...”

“காலத்தானே வெட்டினாங்க, வாயையா வெட்டினாங்க?”

பிறகு வெர்னா வீட்டுக்குப் போனோம். மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் இருந்தார். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். ஏன் தவறினேன் என்பதையும் சொன்னேன்: மூக்கு, தவிடு, என் முழுப்பெயர், அதன் பொருள். என் மனைவி தவிர வெளியார் யாரிடமும் நான் சொன்னதில்லை.

அவர் சிரிப்பார் என்று பயந்தேன். “தவிட்டுக்கா வித்தாங்க? எவ்வளவு தவிடு?” என்று மட்டும் கேட்டார். ஒரு படி என்றேன், கையால் அளவு காட்டினேன். “நல்ல வெலதான்” என்றார்.

காப்பாளர் பத்திர நகலை மூக்குக்கு மிக அருகில் வைத்துப் படித்தார். மெர்சி என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, எடுக்கவே இல்லை.

22 அக்டோபர்

கொத்தவரங்காய் கிடைத்தது, உறையவைத்த பாக்கெட். பொற்கொடி மாப்பிள்ளையிடம் பேசிவிட்டாள் போலிருக்கிறது. அவர் மாடிப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் வந்து, “மாமா, ஆதிரை நட்சத்திரத்துக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?” என்று கேட்டார். பெயர் சொன்னேன். இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை இன்றுதான் கேட்கிறேன்.

25 அக்டோபர், வியாழன்

நீதிமன்றக் கட்டடத்தின் முதல் மாடி. ஆணையர் மூவர், நிறுவனத்தின் வக்கீல், டார்லீன், சக்கர நாற்காலியில் வெர்னா, பத்துப்பதினைந்து ஊர்க்காரர்கள். திருத்த அறிக்கையை நான்தான் படிக்க வேண்டும் என்று டார்லீன் சொல்லிவிட்டார். முதல் வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. “சத்தமா, ஹனி” என்றார் வெர்னா. மறுபடி தொடங்கினேன்.

காப்பாளர் பத்திரத்தை வக்கீல் இரண்டுமுறை வாங்கிப் பார்த்தார். அசலா என்று கேட்டார். கவுண்டி குமாஸ்தா முத்திரை வைத்திருக்கிறார் என்றேன். அதன்பிறகு தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார், நல்ல மனிதர்தான். மூவரும் கையுயர்த்தினார்கள். வெர்னா ஸ்டைல்ஸுக்கு டாலிவர் கல்லறையில் டேலின் இடப்புறம் இடம் உண்டு.

“எப்ப வேணும்?” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார் ஓர் ஆணையர்.

“ஒன்னும் அவசரமில்ல, ரஸ்ஸல்” என்றார் வெர்னா. “உனக்கு ஏதாவது அவசரமா?”

எல்லோரும் சிரித்து முடித்தபின் தலைவர் என்னைப் பார்த்தார். முதல் அறிக்கையும் பதிவேட்டில் இருப்பதால் குறிப்பு ஒன்று எழுத வேண்டும் என்றார். “‘கூடுதல் ஆவணம் கிடைத்ததால் முடிவு மாற்றப்பட்டது’ன்னு போட்டுடலாம். உங்க பேரு எதுக்கு அதுல. நீங்க எவ்வளவு உழைச்சிருக்கீங்க.”

அன்பாகத்தான் சொன்னார். தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம், என் வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்த வாக்கியம் பதிவேட்டில் நின்றால், நூறு வருடம் கழித்து என்னைப்போல் ஒருவன் வந்து, இந்தக் குடும்பத்தின் ஆவணத்தில்தான் ஓட்டை இருந்தது, நல்லவேளையாக ஒரு தாள் அகப்பட்டது என்று படிப்பான். ஓட்டை அங்கே இல்லை. அந்தத் தாள் நூற்றறுபது வருடமாக, வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு தாய் நேரில் நின்று தன் மகளின் பெயரைச் சொல்லி, ஒரு குமாஸ்தா எழுதி, நாடா கட்டி வைத்தது.

நானே எழுதித் தருகிறேன் என்றேன். குமாஸ்தா தாளை நகர்த்தினார். நின்றபடியே எழுதி, முழுப்பெயரில் கையெழுத்திட்டேன். அதன் நகல்:

‘10-10-2018 தேதியிட்ட அறிக்கையின் மூன்றாம் கூற்று தவறு. டாலிவர் குடும்ப ஆவணங்களில் குறை எதுவும் இல்லை. இறந்த குழந்தையின் பெயரை எந்தத் தாயும் மறுபடி வைக்கமாட்டாள் என்று, எந்தத் தாயையும் கேட்காமல் நான் எழுதினேன். கெசையா டாலிவர் வைத்தார்.’